கணக்கின் வண்ணம் யார் பொறுப்பு?

நெசவாளரிடம் நிறத்தைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஜக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறியில் அமர்பவருக்குப் பாவின் நிறம் எது, ஊடையின் நிறம் எது என்பதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காயின் விலையைப் பருமனோடு பசுமையும் நிர்ணயிக்கிறது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை, கொத்தின் நிறம் கண்டே அறுவடைக்குத் தக்கதென விவசாயி அறிகிறார். இத்தகைய அங்கத்தினர்களைக் கொண்ட நமது சங்கங்கள், தமது கணக்கின் நிறத்தை மட்டும் எங்கோ எவரோ அமைத்தபடியே ஏற்றுக்கொள்வது பொருத்தமன்று என்பது நமது அபிப்பிராயம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினி மயமாக்க, ரூ. 2,516 கோடி மதிப்பிலான திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பிரதான கணக்குகளுக்குப் பொது மென்பொருள் வந்தாலும், நூல் இருப்பு, கூலிப் பட்டியல், தவணை கடந்த பாக்கி ஆகியவற்றை எக்செல், கால்க் போன்ற விரிதாள்களில் தயாரிக்கும் வழக்கம் நீடிக்கிறது. நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படுவதும் பெரும்பாலும் அத்தாளே. அதில் பூசப்படும் நிறங்களோ சங்கம் தீர்மானித்தவை அல்ல.

2003-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை எக்செல்லில் ஒரு கோப்பிற்கு 56 நிறங்களே இருந்தன. 2007 முதல் ‘தீம்’ என்னும் வண்ணத் தொகுப்பு முறை வந்தது. இயல்பாக அமையும் அத்தொகுப்பையும் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2023-இல் மாற்றியமைத்தது. தொகுப்பு நிறத்தால் பூசிய கட்டங்களை வேறு தொகுப்புள்ள கோப்பிற்கு நகலெடுத்தால் நிறமும் மாறக்கூடும். சங்கத்தில் ஒரு நிறமாயிருந்தது, மேல் அலுவலகத்தில் ஒட்டப்பட்டதும் மற்றொரு நிறமாகத் தோன்றும்.

இதனால் விளையும் கேடு அற்பமானதன்று. முதலாவதாக, கூட்டும் சூத்திரம் கட்டத்தின் நிறத்தைப் பார்ப்பதில்லை. பாக்கியை நிறத்தால் மட்டும் குறித்திருந்தால் அதன் மொத்தத்தைச் சூத்திரம் தாராது. இரண்டாவதாக, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் வெளிர் சிவப்பும் வெளிர் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஒழுங்காகத் தவணை செலுத்திய அங்கத்தினரும் செலுத்தாதவரும் ஒன்றாகவே காட்சியளிப்பர். மூன்றாவதாக, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குறை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் அது மிகுதி. நான்காவதாக, மஞ்சள் என்றால் புதுப்பித்த கடனா, பரிசீலனையிலுள்ள கடனா என்பது செயலாளரின் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவர் ஓய்வு பெறும் நாளில் அப்பொருளும் அவருடனே போய்விடும்.

“இது எழுத்தரின் காரியம், குழுவிற்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் வினவலாம். பட்டியலில் நிறத்தைக் கண்டு ஓர் அங்கத்தினருக்கு அறிவிப்பு அனுப்பப்படுமாயின், அந்நிறம் தீர்ப்புக்கு நிகரானது. தீர்ப்பின் பொருளைச் சங்கமே வகுக்க வேண்டும்.

செய்ய வேண்டுவது எளிதே. நிலையைக் குறிக்கத் தனிப் பத்தி ஒன்று அமைத்து, ‘செலுத்தியது’, ‘தவணை கடந்தது’ எனச் சொல்லால் எழுதுக. அச்சொல்லுக்கேற்ப நிறம் தானே அமையும்படி நிபந்தனை வடிவமைப்பைப் பயன்படுத்துக. எக்செல் அவ்விடத்தில் ஆயத்தமாக நீட்டும் சிவப்பு, பச்சை இணையை விடுத்து நீலத்தையும் ஆரஞ்சையும் கொள்வது நலம். ஒன்றை வெளிராகவும் மற்றதை அடர்த்தியாகவும் வைத்தால் அச்சிலும் வேறுபாடு நிற்கும். எக்செல்லில் ‘பேஜ் லேஅவுட்’ பகுதியிலுள்ள ‘கலர்ஸ்’ வழியே தொகுப்பின் 12 நிறங்களையும் நம் விருப்பப்படி அமைத்துப் பெயரிட்டுச் சேமிக்கலாம். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில், கட்டப் பாணிகளைத் திருத்தி வார்ப்புருவாகச் சேமித்து, அதையே இயல்பு வார்ப்புருவாக நியமிக்கலாம். பின்னர்த் திறக்கும் புதுத் தாள் ஒவ்வொன்றும் அவ்வமைப்புடனே வரும். நிறங்களின் பொருள் விளக்கம் தாளின் தலைப்பிலும், குழுவின் தீர்மானப் புத்தகத்திலும் இடம்பெறல் வேண்டும்.

மார்ச்சு 31-இல் ஆண்டுக் கணக்கு முடிந்து அடுத்த பொதுப்பேரவை கூடும்போது, பட்டியலைக் கையில் வாங்கும் ஒவ்வோர் அங்கத்தினரும், “இந்நிறத்தின் பொருள் என்ன? எங்கே எழுதப்பட்டுள்ளது?” என்று கேட்பாராக. அதற்கு விடை சொல்ல வேண்டியது நிர்வாகக் குழுவின் கடமையாகும்.