ஓர் அகப்பை உறைமோர்

சென்ற மாதம் கல்லடிப் பாலத்தருகே என் மாணவன் ஒருவன் என்னை மறித்து நின்றான். அவனுடைய தாயார் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகின்றார். கையில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று இருந்தது. "ஐயா, குடலில் வாழும் பற்றீரியாக்கள் புற்றுநோயை வெல்ல உதவுமாமே! ஊசிமருந்தை நிறுத்திவிட்டு அம்மாவுக்குத் தயிரையே கொடுத்தால் என்ன?" என்று கேட்டான்.

நேயர்களே, அவன் கேள்வியுற்ற செய்தி பொய்யன்று. அதிலிருந்து அவன் கண்ட முடிவே பிழை.

காய்ச்சி ஆற்றிய பாலில் ஓர் அகப்பை உறைமோர் இட்டால், விடியுமுன் சட்டி முழுவதும் தயிராகின்றது. ஒரு சட்டியின் குணத்தை மற்றொன்றுக்குக் கொண்டு செல்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே. இதனையொத்த சோதனையொன்றை அமெரிக்காவில் ஹூஸ்ரன் நகரத்து எம். டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தில், ஜெனிபர் வார்கோ என்னும் அம்மையாரின் குழுவினர் நடத்தினர். உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களை ஏவிப் புற்றை அழிக்கும் மருந்து, மெலனோமா என்னும் தோற்புற்றுடையோர் சிலருக்குப் பயன் தந்தது, சிலருக்குத் தரவில்லை. இரு சாராரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களையும், கிருமியே தீண்டாது வளர்த்த எலிகளின் குடலிற் செலுத்திப் பார்த்தனர். பயன்பெற்றோரின் நுண்ணுயிர்களை ஏற்ற எலிகளிற் கட்டி மெதுவாக வளர்ந்தது, மருந்துக்கும் அடங்கியது. மற்றவற்றில் அவ்வாறு நிகழவில்லை. இம்முடிவு 2018இல் வெளியாயிற்று.

2021இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில், அம்மருந்துக்கு இசையாத 10 நோயாளருக்கு, பயன்பெற்றோரின் குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தி மருந்தையும் மீண்டும் கொடுத்தனர். 3 பேருக்குப் பலன் கிட்டியது.

மருந்தை எவரும் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நுண்ணுயிர் மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்துமென்றும் இன்னும் நிறுவப்படவில்லை. அதே ஆண்டில் வந்த வேறோர் ஆய்வில், நன்மை தருவனவென்று கடைகளில் விற்கும் நுண்ணுயிர்களை ஊட்டிய எலிகளில் அம்மருந்தின் பயன் குறைந்தே காணப்பட்டது. நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ட நோயாளரோ, நோய் முற்றாமல் நெடுநாள் இருந்தனர். கீரையும் பயறும் தவிடு நீக்காத அரிசியும் நம் அடுக்களைக்குப் புதியனவல்லவே!

"தம்பி, பாலைக் கொட்டிவிட்டு உறைமோரை மட்டும் வைத்துக்கொண்டால் தயிர் கிடைக்குமா? வைத்தியத்தை ஒருநாளும் தவறவிடாதே. தயிர் கொடுக்கலாமா என்பதையும் வைத்தியரிடமே கேள்" என்றேன்.

சற்று நேரம் வாவியையே பார்த்து நின்றான். பின்னர் தயிர்ச் சட்டியை என் கையில் வைத்துவிட்டு, பேருந்து தரிப்பிடத்தை நோக்கி விரைந்தான். மறுநாள் தாயாருக்கு மருந்தேற்றும் நாளாம்.