விற்ற பிறகும் நம் பொருள்தான்

2020இல் கொரோனாவால் உடற்பயிற்சிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பெலோட்டன் நிறுவனத்தின் வீட்டுப் பயிற்சி சைக்கிளுக்காக அமெரிக்கர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு நீடிக்கும் என்று நிறுவனம் நம்பியது. உடற்பயிற்சிக் கருவி தயாரிப்பாளரான ப்ரீகாரை 42 கோடி டாலருக்கு வாங்கியது. 2021 மே மாதம் ஒஹையோவில் 40 கோடி டாலரில் தொழிற்சாலை அறிவித்தது. விற்பனை சரிந்ததால் ஒன்பதே மாதத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிறுவனர் ஜான் ஃபோலி தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். சுமார் 2,800 பேர் வேலை இழந்தார்கள்.

தேவை மறைந்துவிடவில்லை, பின்னால் வாங்க இருந்தவர்கள் முன்கூட்டியே வாங்கி முடித்திருந்தார்கள். நல்ல பயிற்சி சைக்கிள் பல ஆண்டு உழைக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு தேவையில்லை.

ஃபோலிக்கு அடுத்துத் தலைமைப் பொறுப்புக்கு வந்த பேரி மெக்கார்த்தி சொந்த உற்பத்தியை நிறுத்தி, தைவானின் ரெக்ஸான் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அமேசானில் விற்றார், மாத வாடகைக்கும் கொடுத்தார். இவற்றில் வாடகைதான் துணிச்சலான முடிவு. திரும்பி வரும் சைக்கிளைச் சரிசெய்து மறுபடி அனுப்பும் பட்டறை இருந்தால் மட்டுமே அது நிலைக்கும்.

ஆனால் 2024இல், பழைய சைக்கிளை வேறொருவரிடம் வாங்கி, பெலோட்டனின் மாதாந்திரப் பயிற்சி வகுப்புச் சந்தாவில் சேர்வோரிடம் 95 டாலர் கட்டணம் கேட்கத் தொடங்கினார்கள். இது தவறு என்றே கருதுகிறோம். விளம்பரச் செலவு இல்லாமல் தானாக வந்து அன்றைய மாதச் சந்தாவான 44 டாலரைக் கட்டத் தயாராக நின்றவரை எதற்கு வாசலில் தடுத்திருக்க வேண்டும்? பெரிதும் புதுக் கருவி விற்பனையையே நம்பியிருந்த போஃபிளெக்ஸ் நிறுவனம் அதே 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியதை, உடற்பயிற்சிக் கருவி விற்கும் நம் துறை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு நிகழ்வை நம் வாசகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். 2023 மே மாதம், இருக்கைத் தண்டு முறியும் ஆபத்தால் 22 லட்சம் பெலோட்டன் சைக்கிள்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மாற்றுத் தண்டு கேட்டவர்கள் நிறுவனம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அது கைக்கு வரும்வரை ஆயிரக்கணக்கானோர் சந்தாவை நிறுத்தி வைத்தார்கள். ஒரு உதிரிபாகம் தாமதமானால் மாத வருமானம் எப்படி நின்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

விற்பனை குறையும்போது நம்மவர்கள் முதலில் கைவைப்பது உதிரிபாக இருப்பிலும் சர்வீஸ் ஆட்களிலும்தான். புது மாடல் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளுங்கள், காட்சிக்கூடத்தைச் சிறிதாக்குங்கள். பெல்ட், பெடல், பேரிங் இருப்பையும் அவற்றை மாட்டத் தெரிந்த மெக்கானிக்கையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்கு முன் விற்ற டிரெட்மில் இன்று எந்த வீட்டில், யார் கையில் இருக்கிறது என்ற பதிவேட்டை விற்பனை மந்தமான காலத்திலேயே தயாரித்துவிடலாம்.