பூங்காவன இரவில் நம்மூர் இசைக்குழு

தீவகத்தில் பப் என்று சொல்லத்தக்க இடம் எதுவும் இல்லை. நமக்கு உள்ளது தவறணைதான். பொழுது சாயும் வேளையில் பிளாவில் கள் வார்க்கப்பட்டு, உழைத்துக் களைத்தவர்கள் வாங்கில் அமர்ந்து, அதன் பலகையையே தாளவாத்தியமாகத் தட்டிப் பாடும் பாட்டை நான் இழிவாக எண்ணியதில்லை. ஆயினும் இலண்டனிலும் கொழும்பிலும் பப்பின் ஒரு மூலையில் நின்று, பெயர்பெற்ற குழுக்களின் ரொக் பாடல்களை வாசித்து அயலாரை மகிழ்விக்கிற சிறு வாத்தியக் குழுவுக்கு நிகராக நம்மிடையே எது உண்டு என்று ஒருவர் வினவுவாராயின், கோவில் வீதியிலே பூங்காவனத் திருவிழா இரவில் எழுகின்ற மேடையையும் அதில் ஏறும் இசைக்குழுவையுமே காட்டுவேன்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல், குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நின்றபோது, அத்தகைய குழுவொன்றின் பிரயாணத்தை அருகிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. உப்புக்காற்றும் அலைத்துளியும் படாதபடி டிரம்ஸை பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி, கயிறிட்டு, குழந்தையை இறக்குவதுபோல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி இறக்கினார்கள். கீபோட்டை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டார். சிம்பலைச் சாரத்தில் சுற்றி மார்போடு அணைத்திருந்த இளைஞனைப் பார்த்து, பக்கத்திலிருந்த முதியவள், "தம்பி, இதென்ன தாம்பாளமோ?" என்று கேட்டாள். "இல்லை ஆச்சி, இரவைக்குக் கோயிலடியிலை வாசிக்கிற சாமான்" என்றான் அவன். "அப்ப பழைய பாட்டும் ஒண்டு ரெண்டு படிப்பியளோ?" என்றாள். "உங்களுக்காகவே படிப்பம் ஆச்சி" என்ற அவன் விடையில் இருந்த மரியாதை, அந்தக் கலையின் இயல்பையே எனக்குக் காட்டிற்று: கேட்பவர் யாரென அறிந்து, அவர் விரும்புவது எதுவெனக் கேட்டு, அதன் பின்னரே வாத்தியத்தைத் தொடுகிற கலை அது.

பிறர் இசையமைத்த பாட்டைத்தானே வாசிக்கிறார்கள், இதில் சொந்தச் சரக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. நாதஸ்வர வித்துவான் தியாகராஜ கிருதியை வாசிக்கும்போது அது அவருடையதன்று என்று எவரும் குறை கூறுவதில்லை. அதை அவர் எப்படி வாசித்தார் என்பதுதான் ரசிகரின் கேள்வி. கடல் கடந்த உதாரணமும் உண்டு. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹம்பேர்க் துறைமுக நகருக்குச் சென்ற பீட்டில்ஸ் குழுவினர், அங்குள்ள இரவு விடுதிகளில் மணிக்கணக்காகப் பெரும்பாலும் பிறருடைய பாடல்களையே வாசித்துக் கைபழகினர். 1963இல் வெளிவந்த அவர்களுடைய முதல் நீள் இசைத்தட்டின் 14 பாடல்களிலும் 6 பிறருடையவையே.

நம்முடைய கதையும் அதுவே. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து மேடைகளை ஆண்ட கண்ணன் கோஷ்டி போன்ற குழுக்கள் சினிமாப் பாட்டினாலேயே ஜனங்களைக் கூட்டின. அந்தப் பழக்கத்தினின்றும் சொந்த மெட்டுக்களும் பிறந்தன. 2017 பெப்ரவரியில் காலமான எஸ். ஜி. சாந்தன் கோவில் மேடைகளில் பாடி வளர்ந்து, பின்னர் தமக்கென்றே எழுதப்பட்ட பாட்டுக்களால் நிலைபெற்றவர். உரும்பிராயின் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாவின் துள்ளலைத் தமிழுக்குள் கொண்டுவந்து பொப்பிசை என்று ஒன்றை நாட்டியபோது, அதை வானொலியில் கேட்டு ஊரூராக எடுத்துச் சென்றவை இத்தகைய சிறு குழுக்கள்தான். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்ற நித்தியின் பாட்டைத் தவறணை வாங்கிலேயே பாடக் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டு ஊருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இன்று என்னை வருத்துவது வேறொன்று. முன்னரே பதிந்த இசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பாடகர் இருவரை மட்டும் நிறுத்திப் பாடவைக்கும் கரோக்கி வழக்கம் கோவில் வீதிகளிலும் புகுந்திருக்கிறது. படகுக் கூலி மிச்சம், வாத்தியக்காரரின் சாப்பாடு மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் பதிந்த இசை பாடகருக்காகக் காத்திராது; சிறுவர்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள் என்று கண்டு பல்லவியை இன்னொரு முறை திருப்பாது; ஜெனரேற்றர் நின்று மேடை இருண்டபோது டிரம்ஸ் ஒன்றினாலேயே கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்துவைக்கவும் மாட்டாது. இவை யாவற்றையும் இசைக்குழுவினர் செய்ய நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதைவிட, மேடையோரத்தில் கன்னத்தில் கைவைத்து டிரம்ஸ் அடிப்பவனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பையனுக்குப் பதிந்த இசை எதைக் காட்டும்?

1990களின் தொடக்கத்தில் போர் காரணமாகத் தீவக மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு அகன்றனர். அவர்களிலும் அவர்கள் சந்ததியிலும் அநேகர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்துகொண்டு திருவிழா உபயங்களுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அந்த அன்பர்களிடமும் கோவில் பரிபாலன சபையாரிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வாணவேடிக்கைக்கும் மின்விளக்குச் சோடனைக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, டிரம்ஸும் கிற்றாரும் கீபோட்டும் மனிதர் கையால் வாசிக்கப்படும் உள்ளூர் இசைக்குழு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். அழைக்கும்போதே, அக்குழுவினர் தாமே மெட்டமைத்த பாட்டு ஒன்றும் அன்றிரவு வேண்டுமென்று கேளுங்கள். வாத்தியங்களுக்கான படகுக் கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.