பாறுகளுக்கு அரை நிமிடம்

இரைக்கொல்லிப் பறவைகள் குறித்த ஆவணப்படம் ஒன்றை அண்மையில் தொலைக்காட்சியில் பார்த்தேன். உகிரும் குருதியுமாய் ஒரு மணி நேரம். ஓயாத முரசொலி வேறு. விரால் அடிப்பான் நீரில் பாயும் காட்சி அழகுதான். ஆனால் குளிர்காலத்தில் எங்கள் கேளம்பாக்கம் உப்பங்கழியில் அதனை முரசின்றியே காணலாம்!

பிணந்தின்னும் பாறுகளுக்கு அரை நிமிடமே ஒதுக்கியிருந்தனர். என் குறை அதுவே. தெற்கே திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைதோறும் பொங்கலுண்ண வந்த ‘கழுகுகள்’ உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. அதே காலத்தில் நாடெங்கும் வெண்முதுகுப் பாறுகள் கூட்டங்கூட்டமாய் மாண்டன. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக், சடலத்தின் வழியே அவற்றின் சிறுநீரகத்தை அழித்ததென்று 2004இல் கண்டறிந்தார்கள். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. படத்தில் அம்மருந்தின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.