திட்டுவதும் அவனைத்தான்... ரீசார்ஜ் செய்வதும் அவனுக்குத்தான்! செல்போன் கம்பெனிகளை விட முடியாமல் தவிக்கும் ஜனங்கள்

ஜவ்வாது மலை:

போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் போகிறவர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. பஸ் வளைந்து வளைந்து மலை ஏற ஏற, செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். பேசிக்கொண்டிருந்தவர் "ஹலோ... ஹலோ..." என்று கத்துவார். பிறகு போனை வெறித்துப் பார்த்து, கம்பெனிக்காரனைத் திட்ட ஆரம்பிப்பார்.

பக்கத்து சீட்காரரும் சேர்ந்துகொள்வார். "போன மாசம்தான் போட்டேன். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்ணா!" என்பார். பஸ்சே சேர்ந்து திட்டும்.

ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் அதே ஆள் முதல் வேலையாக என்ன செய்வார்? கடையில் போய் அதே கம்பெனிக்கு ரீசார்ஜ் செய்வார்!

இது மலையில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. சென்னை கடற்கரை ரெயிலிலும் இதே பேச்சுதான், வேலூர் மார்க்கெட்டிலும் இதே பேச்சுதான். இவ்வளவு ஆத்திரப்படுகிற வாடிக்கையாளர், ஏன் விட்டு விலகுவதில்லை?

2024 ஜூலையில் வெடித்த கோபம்

2024-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல். அதைத் தொடர்ந்து வோடபோன் ஐடியா. ஜூலை 3, 4 தேதிகளில் மூன்று கம்பெனிகளின் புதிய கட்டணமும் அமலுக்கு வந்துவிட்டது. 10 முதல் 27 சதவீதம் வரை உயர்வு!

28 நாளைக்கு 155 ரூபாயாக இருந்த ஜியோ ரீசார்ஜ் 189 ரூபாய் ஆனது. 179 ரூபாயாக இருந்த ஏர்டெல் ரீசார்ஜ் 199 ஆனது. தினம் 1½ ஜி.பி. கிடைக்கிற ரீசார்ஜ் ஜியோவில் 299-லும் ஏர்டெல்லில் 349-லும் வந்து நின்றது.

ஜனங்கள் கொதித்தார்கள். "எல்லோரும் பி.எஸ்.என்.எல்.லுக்குப் போவோம்" என்று நாடு முழுக்க ஒரே பேச்சு. பேச்சோடு நிற்கவும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் தெரியும். அந்த ஜூலை மாதத்தில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சம் பேர் கூடுதலாக வந்தார்கள். ஏர்டெல்லுக்கு சுமார் 17 லட்சம், வோடபோன் ஐடியாவுக்கு 14 லட்சம், ஜியோவுக்கு 7½ லட்சம் பேர் குறைந்தார்கள்.

ஆகஸ்டில் பி.எஸ்.என்.எல்.லுக்கு மேலும் 25 லட்சம். செப்டம்பரில் 8½ லட்சமாகச் சுருங்கியது. அக்டோபரில் 5 லட்சம். நவம்பரில் கதை தலைகீழ்! பி.எஸ்.என்.எல். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. ஜியோ 12 லட்சம் பேரைச் சேர்த்தது.

ஆக, நாட்டையே உலுக்கிய கோபத்துக்கு ஆயுள் 4 மாதம்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 4 மாதத்தில் ஜியோ மட்டும் இழந்தது 1½ கோடி பேருக்கும் மேல். பி.எஸ்.என்.எல்.லுக்கு வந்ததோ 70 லட்சத்துக்கும் குறைவு. மற்றவர்கள் எங்கே போனார்கள்? போனில் இரண்டாவதாகச் செருகியிருந்த சிம்மைத்தான் பெரும்பாலும் கைவிட்டிருப்பார்கள். முதல் சிம் அப்படியே இருந்தது. பாங்கிலும் ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் ஏறியிருப்பது அந்த முதல் நம்பர்தானே!

கம்பெனிகளுக்கு நஷ்டமா? அதுதான் இல்லை. ஆளொன்றுக்கு மாதம் கிடைக்கிற வருமானம் ஜியோவுக்கு 2024 ஏப்ரல்-ஜூனில் 181 ரூபாய் 70 காசு. அக்டோபர்-டிசம்பரில் 203 ரூபாய் 30 காசு. ஏர்டெல்லுக்கு அதே காலத்தில் 211 ரூபாய் 245 ஆனது. ஆள் போனாலும் பணம் கூடியது.

மலையில் விலை அல்ல, டவர்தான் ராஜா

ஜவ்வாது மலையில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று 3 மாவட்டங்களில் படர்ந்து கிடக்கிறது மலை. மலையாளி இன மக்களின் சிற்றூர்கள் காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

பட்டணத்தில் இருப்பவர் எந்தக் கம்பெனி மலிவு என்று பார்க்கலாம். மலையில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. நம்ம ஊருக்கு எந்த டவர் எட்டுகிறது என்பதுதான் கேள்வி. எட்டுகிற கம்பெனி ஒன்றே ஒன்று என்றால், அவன் வைத்ததுதான் விலை. மலிவான சிம் வாங்கி வைத்துக்கொண்டு, பேசுவதற்கு மேட்டுப் பாறையைத் தேடி ஓட முடியுமா?

இதே மலையில்தான் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்டுபிடித்த 1977 ஆராய்ச்சியில் காவலூருக்கும் பங்கு உண்டு. அவ்வளவு தூரத்துச் சங்கதி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போன மகனின் குரல் தாய்க்கு வந்து சேரத்தான் பாடாய்ப் படுகிறது.

அந்த மகனுக்காகத்தான் ரீசார்ஜ். பிழைப்புத் தேடி மலையை விட்டு இறங்கி, கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கும் கேரளத்துக்கும் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது அந்தப் பத்து இலக்க நம்பர்தான். அது செத்துப்போனால் மகன் செத்தானா பிழைத்தானா என்றுகூடத் தெரியாது. அதனால் கடன் வாங்கியாவது ரீசார்ஜ் செய்கிறார்கள். கம்பெனி மீது பாசம் வைத்து அல்ல.

இதில் பெரிய கொடுமை அந்த 28 நாள் கணக்கு. மலை விவசாயிக்கு மாதச் சம்பளம் கிடையாது. சாமை அறுத்தால் காசு. புளி உலுக்கினால் காசு. தேன் எடுத்தால் காசு. கம்பெனிக்கோ மழையும் தெரியாது, அறுப்பும் தெரியாது. 28-வது நாள் "டான்" என்று மெசேஜ் வந்துவிடும்.

வருஷத்துக்கு 13 மாதம்!

மாதச் சம்பளக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மாதத்துக்கு 28 நாள் என்றால் வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் போதாது, 13 வேண்டும். 155 ரூபாயாக இருந்தபோது வருஷத்துக்கு 2,015 ரூபாய். 189 ஆனபோது 2,457 ரூபாய். கூடுதலாகப் போனது 442 ரூபாய். வீட்டில் 4 போன் இருந்தால் 1,768 ரூபாய்!

ஆனால் கடையில் நிற்கும்போது இது தெரியாது. "34 ரூபாதானே கூட..." என்று தோன்றும். இரண்டு டீ, ஒரு வடைக்காசு. இதற்காகப் போய் நம்பர் மாற்றிக்கொண்டு இருப்பானேன் என்று விட்டுவிடுவார்கள். இந்த அலட்சியத்தில்தான் கம்பெனியின் லாபமே இருக்கிறது.

30 நாள் ரீசார்ஜ் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. கம்பெனிகளும் வைத்தன. ஆனால் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அதை யார் கேட்டு வாங்குகிறார்கள் என்று.

பாட்டிக்கு எதற்கு இன்டர்நெட்?

பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கும் இன்டர்நெட்டைச் சேர்த்துத்தான் விற்றார்கள். பாட்டி அதைத் தொட்டதே இல்லை. பணம் மட்டும் கொடுத்தாள்.

பேசுவதற்கு மட்டும் தனி ரீசார்ஜ் வைக்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டது. 2025 ஜனவரியில் வந்தது. ஜியோவில் 84 நாளைக்கு 458 ரூபாய் என்று ஆரம்பித்து, சத்தம் கிளம்பியதும் 448 ஆக்கினார்கள். ஏர்டெல்லில் 469. அதற்கு முன்பு ஜியோவில் 84 நாளைக்கு 6 ஜி.பி.யும் சேர்த்தே 479 ரூபாய்தான்! இன்டர்நெட்டைப் பிடுங்கிக்கொண்டதற்குக் குறைத்தது வெறும் 31 ரூபாய். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த மாதிரியும் ஆயிற்று, பெட்டி குறையாத மாதிரியும் ஆயிற்று.

டிராய் விலையையே கட்டுப்படுத்தினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். செல்போன் கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்பதுதான் நடைமுறை. போட்டி இருந்தால் விலை தானாக இறங்கும் என்ற நம்பிக்கையில் வந்த ஏற்பாடு அது.

போட்டி எங்கே? 2016 செப்டம்பர் 5-ந்தேதி ஜியோ இலவசமாக இறங்கியது. 2017 மார்ச் 31 வரை எல்லாம் சும்மா! ஜனங்கள் கியூவில் நின்று வாங்கினார்கள். அந்த வெள்ளத்தில் மற்றவர்கள் மூழ்கினார்கள். தமிழ்நாட்டின் செல்லப்பிள்ளையாக இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் விழுந்தது. திடீரென்று சிக்னல் செத்து, ஊர் ஊராக ஏர்செல் ஆபீஸ் வாசலில் ஜனங்கள் திரண்டதை இன்னும் மறக்கவில்லை. டோகோமோ போயிற்று, டெலினார் போயிற்று. இன்று தனியாரில் மிஞ்சியது மூவர்.

ஏர்செல் விழுந்த அதே 2018-ல்தான் இன்கமிங் வருவதற்கே 35 ரூபாய் ரீசார்ஜ் என்ற புதுமையும் வந்தது. 2005-ல் 999 ரூபாய் வாங்கிக்கொண்டு "லைஃப் டைம்" என்று விற்றவர்கள்தான்! ஏர்டெல்லில் அந்தக் குறைந்தபட்ச ரீசார்ஜ் 2021 ஜூலையில் 79 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் 99. அப்புறம் 155.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இன்டர்நெட் உலகிலேயே மிக மலிவாகக் கிடைக்கிற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அலைக்கற்றை ஏலத்துக்கும் 5ஜி டவருக்கும் கொட்டிய பணத்தை எடுக்க வேண்டாமா, ஆளுக்கு மாதம் 300 ரூபாயாவது வந்தால்தான் கட்டுப்படியாகும் என்று ஏர்டெல் வெளிப்படையாகவே சொல்கிறது. வோடபோன் ஐடியா பாக்கி கட்ட முடியாமல், 2025-ல் சுமார் 49 சதவீதப் பங்கை மத்திய அரசிடமே கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் மூவரும் ஒரே வாரத்தில், ஏறத்தாழ ஒரே தொகைக்கு ஏற்றுவதைப் பார்க்கிற சாமானியனுக்கு, இந்தக் கணக்கெல்லாம் காதில் ஏறாது.

வெள்ளைக்காரனும் இப்படித்தான்

மேல்நாட்டு இளைஞர்களும் இதே மாதிரிதான். அங்கே வீடியோ கேம் கம்பெனிகள் மீது கோபம். 2009-ல் "மாடர்ன் வார்ஃபேர்-2" என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பகிஷ்கரிப்போம் என்று ஒரு கூட்டம் சங்கம் சேர்ந்தது. விளையாட்டு வெளியான அன்று பார்த்தால், சங்கத்து ஆட்களே வரிசையாக அதை விளையாடிக்கொண்டு இருந்தார்கள்!

"எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்" என்ற கம்பெனியை 2012, 2013 ஆகிய 2 ஆண்டுகளும் அமெரிக்காவின் மிக மோசமான கம்பெனி என்று ஒரு நுகர்வோர் இணையதளத்தின் வாசகர்கள் ஓட்டுப் போட்டார்கள். அதன் கால்பந்து விளையாட்டு வருஷா வருஷம் விற்றுக்கொண்டேதான் இருந்தது. "பிஃபா" என்ற பெயரே 2023-ல் போன பிறகும் விற்றது. 2025 செப்டம்பரில் அந்தக் கம்பெனியை 5,500 கோடி டாலருக்கு விலை பேசினார்கள்.

காரணம் நம்ம காரணம்தான். கூட்டாளிகள் எல்லாம் அங்கே விளையாடும்போது ஒருத்தன் மட்டும் எங்கே போவான்? இங்கே 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் அதுவே வேறு பெயரில் வந்ததும் பையன்கள் கூட்டமாகத் திரும்பிப் போனார்களே!

மாறுவதும் லேசு இல்லை

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி அதைத் தொடங்கலாம். ஆனால் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் தொலைந்து புதிது வாங்கியவர் 2024 ஜூலை 1 முதல் 7 நாள் காத்திருக்க வேண்டும். மிச்சம் இருக்கிற நாளும் டேட்டாவும் போயே போச்சு. இதையும் தாண்டிப் போனால் சிக்னல் வருமா?

2024-ல் போனவர்கள் திரும்பியதன் ரகசியம் அங்கேதான். போன இடத்தில் மலிவு இருந்தது, 4ஜி பல ஊர்களில் இல்லை.

பி.எஸ்.என்.எல். தனது உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையை, 97,500-க்கும் மேற்பட்ட டவர்களுடன், 2025 செப்டம்பர் 27-ந்தேதிதான் பிரதமரைக் கொண்டு முறைப்படி தொடங்கியது. கோபம் வந்தபோது டவர் இல்லை. டவர் வந்தபோது கோபம் ஆறிவிட்டது.

விவரம் தெரிந்த சிலர் நடுவழி பிடித்திருக்கிறார்கள். நம்பரைச் சாகவிடாமல் இருக்க ஒரு சிம், டேட்டாவுக்கு ஒரு சிம். ஒன்று மலிவு, ஒன்று வேகம். மலைக்காரர்களுக்கு இதிலும் பாதிதான் பலிக்கும். எட்டுகிற டவர் ஒன்றுதான் என்றால், இரண்டாவது சிம் பஸ்சில் கீழே இறங்கிய பிறகுதான் உயிர் பெறும். போளூர் வந்ததும் இரண்டு சிம்முக்கும் மெசேஜ்கள் மொத்தமாகக் கொட்டுகின்றன. அதில் முதல் மெசேஜ், "உங்கள் திட்டம் நாளை முடிகிறது."