கொடைக்கானல் ஏறப் போறீங்களா? எலக்ட்ரிக் சைக்கிள் பம்ப்புக்கு 4,000 ரூபாய் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நிறைய பேருக்கு சைக்கிள் ஆசை வருது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் போட்டு ஒரு சைக்கிள் வாங்கறோம். ஞாயித்துக்கிழமை காலைல ஓட்டறோம். அடுத்த கனவு, வத்தலகுண்டுல ஆரம்பிச்சு கொடைக்கானல் ஏறணும். அந்தக் கனவோட சேர்ந்து ஆன்லைன் கார்ட்டுக்குள்ள ஒரு பொருளும் வந்து உட்கார்ந்துடுது: உள்ளங்கைல அடங்கற எலக்ட்ரிக் பம்ப். வால்வுல மாட்டி பட்டனை அமுக்கினா போதும், டயர் கல்லு மாதிரி ஆயிடும். விலை சுமார் 1,500-ல ஆரம்பிச்சு 7,000 வரைக்கும் போகுது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பொருள் நல்ல பொருள்தான். ஆனா நீங்க வாங்க வேண்டிய மூணாவது பம்ப் அது. முதல் ரெண்டையும் வாங்காம நேரா அதுக்குப் போறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல்ல பணக் கணக்கு, அதானே நம்ம தொழில்! 4,000 ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரிக் பம்ப் வாங்கறீங்கன்னு வைங்க. உள்ளே இருக்கற குட்டி லித்தியம் பேட்டரி மூணு வருஷம் நல்லா உழைக்கும்னு எடுத்துக்கலாம். ரோட்டுல பஞ்சர் ஆனா மட்டும் எடுக்கறதுன்னு வெச்சிருந்தா, வருஷத்துக்கு ரெண்டு பஞ்சர்னு மூணு வருஷத்துல ஆறு தடவை. ஒரு தடவை காற்று அடிக்க 667 ரூபாய் ஆகுது. சரி, வீட்டுலயும் வாராவாரம் ரெண்டு டயருக்கும் அதையே பயன்படுத்தறேன்னு சொன்னா 312 தடவை, ஒரு தடவைக்கு 13 ரூபாய். பரவாயில்லையேன்னு தோணும். ஆனா மீட்டர் வெச்ச ஒரு ஃப்ளோர் பம்ப், அதாவது கால்ல மிதிச்சு நின்னு ரெண்டு கையால அடிக்கறது, 1,200 ரூபாய் அளவுல கிடைக்குது. பத்து வருஷம் சாதாரணமா வரும். வாஷர் தேஞ்சா வாஷரை மட்டும் மாத்தலாம். அதுல ஒரு தடவைக்கு ஆகற செலவு ஒரு ரூபாய் சொச்சம்தான். அதனால வீட்டுக்கு ஃப்ளோர் பம்ப். இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

அப்போ எலக்ட்ரிக் பம்ப்போட உண்மையான வேலை ரோட்டுலதான். இங்கதான் மலை குறுக்கே வருது.

வத்தலகுண்டு கடல் மட்டத்துல இருந்து சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மேல போகப் போக காற்று மெலிசாகுது. கீழே காற்றோட அழுத்தம் 14 பிஎஸ்ஐ-க்குக் கொஞ்சம் மேல, கொடைக்கானல்ல 11.4 பக்கம். பம்ப்போட பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றைத்தான் இழுத்து டயருக்குள்ள தள்ளுது. வெளிக்காற்றே மெலிசா இருந்தா ஒவ்வொரு இழுப்புலயும் உள்ளே போறது குறைவு. ஏரிக்கரைல நின்னு அதே டயரை அதே 80 பிஎஸ்ஐ-க்கு ஏத்த, வத்தலகுண்டுல ஆனதைவிட சுமார் கால்பங்கு கூடுதலா பிஸ்டன் அடிக்கணும். கீழே இருக்கறதைவிட அதிக மடங்கு காற்றை அமுக்க வேண்டியும் இருக்கு, அதனால மோட்டாரும் திணறும். இதோட குளிர் வேற. குளிர்ல லித்தியம் பேட்டரி முழு சார்ஜையும் கொடுக்காது. டிசம்பர், ஜனவரி அதிகாலைல கொடைக்கானல் எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும்.

ஆக, பெட்டி மேல "ஒரு சார்ஜ்ல ரெண்டு டயர்"னு போட்டிருந்தா மலை மேல அதை ஒன்றரை டயர்னு படிங்க. பின்சக்கரம் பஞ்சர், ட்யூப் மாத்தியாச்சு, பம்ப் 55-லயே நின்னு போச்சுன்னா என்ன செய்வீங்க? டம்டம் பாறைக்கும் பண்ணைக்காடு பிரிவுக்கும் நடுவுல, சாயங்காலம் ஆறு மணிக்கு, பனி இறங்கற நேரத்துல, பஸ்ஸும் லாரியும் வளைவுல திரும்பற ரோட்டோரமா நின்னுட்டு இருப்பீங்க. காட்டுமாடு நடமாட்டம் உள்ள காடு அது. பழனி வழியா ஏறினா இன்னும் மோசம், போக்குவரத்தும் குறைவு, கடைகளும் குறைவு. காற்று கம்மியா இருக்கற டயரோட இறங்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க. வளைவுல டயர் சக்கரத்தை விட்டு நழுவினா அந்தப் பக்கம் பள்ளம்.

அதனாலதான் ரெண்டாவது பம்ப், கைப்பம்ப். 600, 700 ரூபாய்க்குக் கிடைக்குது. ஃப்ரேம்ல பாட்டில் கூண்டுக்குப் பக்கத்துல மாட்டிக்கலாம். 80 பிஎஸ்ஐ வர இருநூறு தடவைக்கு மேல அடிக்கணும், மலை மேல இன்னும் கூட. கை வலிக்கும், வாய் தானா திட்டும். ஆனா சார்ஜ் தீர்ந்து போற பேச்சே இல்ல. எமர்ஜென்சி ஃபண்டை ஏன் சேவிங்ஸ் அக்கவுண்ட்லயும் லிக்விட் ஃபண்ட்லயும் வைக்கச் சொல்றோம்? வருமானம் கம்மி, ஆனா கேட்ட நேரத்துல கைக்கு வரும். கைப்பம்ப்பும் அந்த ரகம்தான்.

சிஓ2 கார்ட்ரிட்ஜ் பத்தியும் ஒரு வார்த்தை. நொடில டயர் நிரம்பிடும், ஆனா ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான். தப்பா மாட்டி வெளியே போச்சுன்னா அந்தக் காசு போச்சு. ரேஸ் ஓட்டறவங்களுக்கு ஓகே, நமக்கு வேண்டாம்.

இவ்வளவுக்கு அப்புறமும் எலக்ட்ரிக் பம்ப் வேணுமா? வேணும்னு சொல்ல நியாயமான காரணங்கள் இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவையாவது மலைப்பக்கம் போறீங்க. தோள், மணிக்கட்டுல பிரச்சனை இருக்கு. வீட்டுல ரெண்டு மூணு சைக்கிளோட ஒரு பைக்கும் நிக்குது. அப்படின்னா வாங்குங்க, ஆனா சரியான எண்ணைப் பார்த்து வாங்குங்க.

விளம்பரத்துல பெரிசா இருக்கறது "150 பிஎஸ்ஐ". அது உங்களுக்கு எதுக்கு? 70 கிலோ ஆள் 28 மில்லிமீட்டர் டயர்ல ஓட்டினா 70, 80 போதும். 32 மில்லிமீட்டர்னா 60 பக்கம். எம்டிபி அகல டயர்னா 25, 30. ஹூக்லெஸ் ரிம் வெச்ச புது மாடல்னா 72.5-ஐத் தாண்டவே கூடாது. உங்க டயரோட பக்கவாட்டுல அதிகபட்ச அளவு அச்சடிச்சிருக்கும், முதல்ல அதைப் படிங்க. 150-க்காக கூடுதலா கொடுக்கற காசு, டவுன் பஸ் ரூட்டுல ஓட்ட ரேஸ் கார் வாங்கற மாதிரி.

அடுத்த ஏமாத்து எம்ஏஹெச். ரெண்டு பம்ப்பை எம்ஏஹெச் வெச்சு ஒப்பிட முடியாது, ஏன்னா வோல்டேஜ் வேற வேறயா இருக்கும். எம்ஏஹெச்சை வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுங்க, வாட்-ஹவர் வரும். அதுதான் நிஜமான சரக்கு. 7.4 வோல்ட்ல 300 எம்ஏஹெச்னா 2.2 வாட்-ஹவர். 2,000 எம்ஏஹெச்னா 14.8. முதலாவது ஜெர்ஸி பாக்கெட்ல போகும், சைக்கிள் டயர் ஒண்ணோ ரெண்டோ நிரப்பும். ரெண்டாவது கனம், ஆனா பைக்குக்கும் ஆகும். வாட்-ஹவர், வோல்ட் ரெண்டுமே பெட்டில போடலைன்னா அந்தப் பெட்டியை அங்கேயே வெச்சிடுங்க.

டயரோட கொள்ளளவையும் கணக்குல எடுங்க. 28 மில்லிமீட்டர் ரோடு டயருக்குள்ள சுமார் 1.3 லிட்டர் இடம். 29 அங்குல எம்டிபி-ல 2.25 டயர்னா அஞ்சரை லிட்டர் பக்கம், நாலு மடங்கு. வீடியோ விளம்பரத்துல "60 செகண்ட்"னு காட்டறது பெரும்பாலும் ஒல்லி டயரா இருக்கும். எம்டிபி வெச்சிருக்கறவங்க அந்த நேரத்தை நம்பாதீங்க.

வால்வு இன்னொரு விஷயம். ஒல்லியா உச்சில திருகு வெச்சது பிரெஸ்டா, பைக்ல இருக்கற மாதிரி தடிச்சது ஷ்ரேடர். ரெண்டுக்கும் தலை இருக்கான்னு பாருங்க. நம்ம அப்பா காலத்து சைக்கிள்ல ரப்பர் வால்-டியூப் இருக்குமே, அதுல மீட்டர் சரியா காட்டாது. அதனால தானா நிக்கற வசதியும் அங்க சரியா வேலை செய்யாது. ஹோஸ் குழாய் கூட வர்ற மாடலா எடுங்க. குட்டி பம்ப்கள் ஓடும்போது கை வைக்க முடியாத அளவுக்கு சுடும். டிபியு ட்யூப் போட்டிருந்தா அதோட பிளாஸ்டிக் வால்வு அந்தச் சூட்டுல இளகிடும் ஆபத்து இருக்கு. நடுவுல ஹோஸ் இருந்தா தப்பிக்கலாம். சார்ஜ் போட்டுக்கிட்டே ஓடுமான்னும் கேளுங்க. நிறைய குட்டி மாடல்கள் ஓடாது, பவர் பேங்க் கைல இருந்தும் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போ பில் விஷயம். இதை நான் சொல்லாம யார் சொல்லுவா! பேட்டரி உள்ள பொருள், அதனால பிஐஎஸ் பதிவு முக்கியம். கையடக்க லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரம் கட்டாயம். 'ஆர்' எழுத்துல ஆரம்பிக்கற பதிவு எண் இருக்கான்னு பாருங்க. இறக்குமதிச் சரக்குன்னா இறக்குமதி செஞ்சவர் பெயரும் முகவரியும் எம்ஆர்பி-யும் பெட்டில இருக்கணும். இல்லன்னா வாரன்டி கேட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க? வாரன்டி அட்டைல பேட்டரிக்குத் தனியா குறைஞ்ச காலம் போட்டிருக்கான்னு படிச்சுக்கோங்க. ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்க. சம்பளக்காரங்களுக்கு இன்புட் கிரெடிட் எதுவும் கிடைக்காது, ஆனா பிரச்சனைன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டா முதல்ல கேக்கறது அந்த பில்தான்.

தயவுசெஞ்சு இதை நோ-காஸ்ட் இஎம்ஐ-ல வாங்காதீங்க. ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சுற்றறிக்கை விட்டுச்சு. 4,000 ரூபாய் பம்ப்புக்கு பேங்க் 199 ரூபாய் பிராசசிங் ஃபீஸ் போட்டா, 18 சதவீத ஜிஎஸ்டி-யோட 235 ஆயிடும். விலைல கிட்டத்தட்ட 6 சதவீதம். வட்டித் தொகையைத் தள்ளுபடியா கொடுத்தாலும், அந்த வட்டி மேல வர்ற ஜிஎஸ்டி உங்க தலைலதான். 4,000 ரூபாயை ஒரே தடவைல எடுத்து வைக்க முடியலைன்னா இந்த மாசம் அந்த பம்ப் தேவையில்ல, அவ்வளவுதான்.

அதுக்குப் பதிலா ஐம்பது, நூறு ரூபாய்க்குள்ள ஒரு பொருள் சொல்றேன். பிரெஸ்டா வால்வை ஷ்ரேடரா மாத்தற பித்தளை அடாப்டர். விரல் நுனி அளவுதான் இருக்கும். அது பைல இருந்தா வழில இருக்கற பெட்ரோல் பங்க் எல்லாம் உங்க பம்ப்தான். அங்க காற்று இலவசமா கொடுக்கணும்ங்கறது விதி. பைக் பஞ்சர் கடை கம்ப்ரஸர்லயும் பிடிச்சுக்கலாம். ஒல்லி டயரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நிரப்பச் சொல்லுங்க, ஒரே அமுக்குல வெடிச்சிடும்.

நிறைய பேர் கேக்கற சந்தேகம்: கீழே நிரப்பின டயர் மேல போனா அழுத்தம் ஏறி வெடிச்சிடுமா? வெடிக்காது. வெளி அழுத்தம் குறையறதால மீட்டர்ல மூணு பிஎஸ்ஐ-க்குள்ள ஏறணும். ஆனா குளிர்ல உள்ளே இருக்கற காற்று சுருங்கும். வத்தலகுண்டுல 35 டிகிரில 80 வெச்சு ஏறினா, கொடைக்கானல்ல 18 டிகிரில 78 பக்கம் காட்டும். தொட வேண்டியதே இல்ல. மேல இருந்து இறங்கறதுக்கு முன்னாடி "இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்"னு ஏத்தாதீங்க. ரிம் பிரேக் வெச்ச சைக்கிள்ல இறக்கத்துல பிரேக் பிடிச்சுப் பிடிச்சு ரிம் சூடாகி அழுத்தம் தானா ஏறும்.

கடைசியா, வாங்கினவங்களுக்கு. ரைடுக்கு முந்தின ராத்திரி வீட்டுலயே ஒரு டயரோட காற்றை முழுசா இறக்கிட்டு, அந்த பம்ப்பாலயே நிரப்பிப் பாருங்க. எத்தனை நிமிஷம், எவ்வளவு சார்ஜ் போச்சுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் மறுபடி ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போங்க. பைல ரெண்டு ட்யூப், டயர் லீவர், பேட்ச், கைப்பம்ப் இருக்கான்னு பாருங்க. ட்யூப் இல்லாம பம்ப் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்ல. கூட வர்ற நண்பர் கார்ல வர்றார்னா அவருக்கு இ-பாஸ் எடுத்துட்டீங்களான்னும் கேட்டுக்கோங்க.