மூக்கால் ஒரு வணக்கம்!

"இந்த வயசில் பிரெஞ்சு படிச்சு கலெக்டர் ஆகப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். பாரிஸில் இருக்கும் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். துணைக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. அவள் ஃபோனில் சொல்லச் சொல்ல, பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பழைய டைரியில் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டேன். சமையல் செய்துகொண்டே உருப்போட்டேன்.

அங்கே போன பத்தாம் நாள் தங்கை ஆஸ்பத்திரியில், மாப்பிள்ளையும் அவளோடு. வீட்டில் நானும் அவளுடைய மூன்று வயசுப் பையனும்தான். சாயந்திரம் அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. இடுப்பில் அவனும் கையில் டைரியுமாக, பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக் கடைக்கு ஓடினேன். பதற்றத்தில், "ஃபீவர்... மெடிசின்" என்றேன். கடைக்கார அம்மாளின் முகம் இறுகிவிட்டது.

அப்போதுதான் தங்கை சொன்னது ஞாபகம் வந்தது: "அக்கா, முதலில் வணக்கம் சொல்லணும். சொல்லாமல் எதைக் கேட்டாலும் இங்கே மரியாதைக் குறைவு."

"போன்ஜூர் மதாம்" என்றேன். அவரும் "போன்ஜூர்" என்று முகம் மலர்ந்தார். "இல் ஆ த லா ஃபியேவ்ர்" - அவனுக்குக் காய்ச்சல். "த்ருவா ஆன்" - மூன்று வயசு. "கிலோ?" என்று கேட்டார். குழந்தைகளின் பாரசிட்டமாலை அங்கே எடைக்குத் தக்கபடி அளக்கிறார்கள்; மருந்தை உறிஞ்சும் குழலிலேயே கிலோக் கணக்குப் போட்டிருக்கிறது. எனக்கோ எடை தெரியாது! அவரே எடை மெஷினில் நிறுத்தி, அளவை விரலால் காட்டிக் கொடுத்தார். ராத்திரி காய்ச்சல் இறங்கியது. மறுநாள் டாக்டரிடமும் காட்டினோம்.

போகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்: "போன்ஜூர்" என்பதில் 'ன்'னை அழுத்தாமல் மூக்கில் விட வேண்டும். "ஸில் வூ ப்ளே" என்றால் தயவுசெய்து, "மெர்ஸி" நன்றி, "பார்தோன்" மன்னியுங்கள். "வூ" என்பது நம் 'நீங்கள்'. 'நீ' என்பதற்கு "த்யூ", அது நெருங்கிய மனிதர்களுக்கு. சைவக்காரர்கள் "ஸான் வியாந்த், ஸான் புவாஸோன்" என்றால் மாமிசமும் மீனும் இல்லாமல் என்று அர்த்தம். வைத்திய அவசரத்துக்கு 15, ஐரோப்பா முழுவதற்கும் 112. குழந்தையின் எடையையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து காலையில் சமையலறை வாசலில் ஒரு குரல் கேட்கிறது: "போன்ஜூர் மதாம்! காபி, ஸில் வூ ப்ளே!" கேலி செய்த அதே மனிதர்தான்!